இரண்டு ஜாய்ஸ்டிக்குகள், ஒரே வருடம்

அமெரிக்க ஆர்கேடு கூடங்களுக்கு மிஸ் பேக்-மேன் வந்தது 1982-ல். காமடோர் 64 என்ற வீட்டுக் கணினி கடைக்கு வந்ததும் அதே வருடம்தான். 2004-ல் இரண்டும் ஜாய்ஸ்டிக்காக மறுபிறவி எடுத்தன. ஒன்று, ஜாக்ஸ் பசிபிக் என்ற பொம்மை நிறுவனம் விற்ற மிஸ் பேக்-மேன் டிவி கேம். இன்னொன்று சி64 டிடிவி. தனிப் பெட்டி கிடையாது, கார்ட்ரிட்ஜ் கிடையாது. ஜாய்ஸ்டிக்கின் அடிப்பாகத்திலேயே எல்லாம் அடக்கம். பேட்டரியைப் போட்டு, விசிடி பிளேயர் காலத்து மஞ்சள், வெள்ளை வயரை டிவியில் செருகினால் ஆட்டம் ஆரம்பம். வெளியே பார்க்க இரண்டும் ஒரே சாதிதான். செய்தவர்களின் கவலைதான் வேறு.

ஜாக்ஸ் ஜாய்ஸ்டிக்கில் ஐந்து ஆட்டங்கள்: மிஸ் பேக்-மேன், கேலகா, போல் பொசிஷன், செவியஸ், மேப்பி. எதுவும் அசல் புரோகிராம் இல்லை. கூடத்தில் கேலகா ஒன்றை ஓட்டவே மூன்று இசட்80 பிராசசர்கள் உழைத்தன. பொம்மை விலைக்கு அது கட்டுப்படியாகுமா? மலிவான சிப் ஒன்றை எடுத்துக்கொண்டு, ஆட்டங்களை அதற்கேற்பத் திரும்ப எழுதினார்கள். போதாக்குறைக்கு, கூடத்து மிஸ் பேக்-மேன் திரை நெட்டுவாக்கில் நிற்பது, வீட்டு டிவியோ படுக்கைவாட்டம். அந்த உயரமான பாதைக்கட்டம் இதற்குள் அப்படியே அடங்காது. கூடத்தில் காசு போட்டு ஆடியவர்கள் முதல் பார்வையிலேயே வித்தியாசத்தைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

ஆனால் கைக்கு வந்து சேரும் இடத்தில் ஜாக்ஸ்காரர்கள் மூளையைச் செலவழித்திருக்கிறார்கள். போல் பொசிஷன் கார் பந்தயம். கூடத்தில் அதற்கு ஸ்டீயரிங் இருந்தது. இங்கே தனி ஸ்டீயரிங் வைக்க இடமில்லை. அதனால் ஜாய்ஸ்டிக்கின் தண்டையே இடமும் வலமும் திருகும்படி அமைத்துவிட்டார்கள். மிஸ் பேக்-மேனில் பேய்களிடமிருந்து தப்பிக்கத் தண்டைத் தள்ள வேண்டும், போல் பொசிஷன் வளைவில் காரைத் திருப்பத் திருக வேண்டும். தள்ளித் திருப்பினால் வராத அந்த ஓட்டுகிற உணர்ச்சி, மணிக்கட்டை முறுக்கும்போது வந்துவிடுகிறது. சாதாரண யோசனைதான். ஆனால் அந்த ஒன்றுக்காகவே இந்தப் பொம்மைக்குப் பல குறைகளை மன்னிக்கலாம்.

டிடிவியின் கதை வேறு. அதன் சிப்பை வடிவமைத்தவர் ஜெரி எல்ஸ்வொர்த், தானாகவே எலெக்ட்ரானிக்ஸ் கற்றுக்கொண்டவர். அவர் ஆட்டங்களைத் திரும்ப எழுத முனையவில்லை, கணினியையே திரும்பச் செய்தார். காமடோரின் பிராசசர், படம் வரையும் சிப், ஒலி சிப் எல்லாம் ஒரே சிப்பாகச் சுருங்கின. அதனால் இம்பாசிபிள் மிஷன், யுரிடியம், சம்மர் கேம்ஸ் என உள்ளே இருக்கும் 30 ஆட்டங்களும் எண்பதுகளில் எழுதப்பட்ட புரோகிராம்களிலிருந்தே ஓடுகின்றன. நகல் முழுமையானது என்றும் சொல்லிவிட முடியாது. ஒலி சிப்பின் பில்டர் பகுதி இதில் இல்லை; காமடோர் இசையைக் கேட்டே வளர்ந்தவர்களுக்குச் சில பாட்டுகள் சப்பென்றிருக்கும்.

ஆனால் சர்க்யூட் போர்டைத் திறந்து பாருங்கள். கீபோர்டுக்கும் டிஸ்க் டிரைவுக்கும் சால்டர் வைக்கப் புள்ளிகளை விட்டுவைத்திருக்கிறார்கள். வயரைப் பற்ற வைத்தால் பொம்மை கணினியாகிவிடும். பலர் அப்படிச் செய்தும் காட்டினார்கள். கியூவிசி என்ற டிவி விற்பனைச் சேனலில் கிறிஸ்துமஸ் பரிசாக இதை வாங்கியவர்களில் எத்தனை பேர் ஸ்க்ரூடிரைவரைக் கையில் எடுத்திருப்பார்கள் என்பது வேறு விஷயம்.

எதை வாங்கலாம் என்று யாராவது கேட்டால், எதற்கு என்று திருப்பிக் கேட்பேன். சாப்பாட்டுக்குப் பிறகு அரை மணி நேரம் கேலகாவில் பூச்சிகளைச் சுட்டுத்தள்ள ஜாக்ஸ் போதும். டிடிவியில் இருப்பவை பெரும்பாலும் வீட்டில் உட்கார்ந்து நிதானமாகக் கற்றுக்கொண்டு ஆடும் ஆட்டங்கள், கூடத்தின் அவசரம் அவற்றில் குறைவு. பொருளாக எடைபோட்டால் டிடிவிக்குத்தான் என் ஓட்டு. அதில் ஒரு கணினி முழுசாக இருக்கிறது.

இன்றைய தட்டை டிவிகளோ இரண்டுக்கும் எதிரி. மஞ்சள் வயர் சொருகும் இடமே பலவற்றில் இல்லை. கன்வெர்ட்டர் வழியாக இணைத்தாலும், படத்தைப் பெரிதாக்கும் வேலையில் டிவி கொஞ்சம் பிந்துகிறது. சாலை அகலமான போல் பொசிஷனில் அதைச் சமாளிக்கலாம். மிஸ் பேக்-மேனில் மூலை திரும்பக் கண்ணிமைக்கும் நேரம் தாமதித்தாலும் பேய் பிடித்துவிடும். பழைய டியூப் டிவி கிடைத்தால் அதையும் சேர்த்தே வாங்குங்கள்.