அரும்பாவூரும் அண்டை ஊர்களும்

பெரம்பலூர் மாவட்டம் வேப்பந்தட்டை வட்டத்தில், பச்சைமலையின் அடிவாரத்தில் அமைந்த பேரூர் அரும்பாவூர். தழுதாழை, தொண்டமாந்துறை, பூலாம்பாடி, மலையாளப்பட்டி ஆகியவை இதனைச் சூழ்ந்த ஊர்கள். மக்காச்சோளத்துக்கும் பருத்திக்கும் சின்ன வெங்காயத்துக்கும் பெயர்பெற்ற இம்மாவட்டத்தில், மலையிலிருந்து இறங்கும் நீரைத் தேக்கும் ஏரிகளின் உபயத்தால் இங்கே நெல்லும் விளைகிறது.

இப்பகுதியின் பூர்வ சரித்திரம் பெரும்பாலும் வாலிகண்டபுரத்தையும் ரஞ்சன்குடிக் கோட்டையையும் பற்றியதே. 1751-ல் வாலிகண்டபுரத்தருகே சந்தா சாகிபும் பிரெஞ்சுக்காரரும் ஒருபுறமும் ஆங்கிலேயர் மறுபுறமுமாகப் பொருத போரில், ஆங்கிலப் படை தோற்றுத் திருச்சிராப்பள்ளியை நோக்கிப் பின்வாங்கியது.

அரும்பாவூருக்குப் பிரசித்தி தந்தது மரச்சிற்பம். இக்கலைஞர்களின் முன்னோர் மதுரைப் பக்கத்திலிருந்து குடிபெயர்ந்தவர் என்பர் சிலர். தேர்ப்பணிக்கென அழைக்கப்பட்டு வந்து இங்கேயே தங்கினர் என்பதும் வழங்கும் செய்தியே. இரண்டும் ஒரே நிகழ்ச்சியின் இரு பகுதிகளாகவும் இருக்கலாம். மா, வாகை, அத்தி, வேம்பு, நூக்கு முதலிய மரங்களுள் ஏற்றதைத் தேர்ந்து, நன்கு உலரவிட்டு, சிற்ப சாஸ்திரம் விதிக்கும் தாலப் பிரமாணப்படி உருவை வரைந்துகொண்ட பின்னரே உளி மரத்தைத் தொடும். முகத்தின் நீளம் ஒரு தாலம். அது பன்னிரண்டு அங்குலமாகப் பகுக்கப்படும். திருமாலுக்கு உத்தம தசதாலம் விதிக்கும் அதே சாஸ்திரம் விநாயகருக்கு ஐந்து தாலத்தோடு நிறுத்திக்கொள்கிறது. கொட்டாப்புளியால் உளியைத் தட்டித் தட்டி, ஒட்டுப்போடாமல் ஒரே கட்டையிலிருந்து தெய்வத்தையும் திருவாசியையும் ஆயுதங்களையும் வெளிக்கொணர்வதில்தான் இவ்வூராரின் சாமர்த்தியம் விளங்குகிறது. ஆழக் குடைந்த கொடிக்கருக்கின் பின்புறத்தை, பார்ப்பார் எவருமில்லை எனினும், அவர்கள் உப்புத்தாள் கொண்டு மழுமழுப்பாக்கியே விடுகின்றனர். கோயில்களுக்கான வாகனங்களும் தேர்ச்சிற்பங்களும் கதவுகளும் தழுதாழையிலும் செய்யப்படுகின்றன. பழைய பட்டறை எந்த ஊரில் முதலில் தோன்றியது என்பதில் இரண்டு ஊராரும் ஒரே விடை சொல்வார் என எதிர்பார்ப்பதற்கில்லை.

திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் அடங்கியிருந்த இவ்வூர்கள் 1995-ல் பெரம்பலூர் மாவட்டத்தைச் சேர்ந்தன. அரும்பாவூர் மரச்சிற்பம் 2020-ல் புவிசார் குறியீடு பெற்றது. சேலம் மாவட்டத்துத் தம்மம்பட்டி மரச்சிற்பமும் பின்னர் அக்குறியீட்டை அடைந்தது. கடைத்தட்டில் அருகருகே வைத்தால் இவ்விரண்டையும் பிரித்தறிவது வாங்குவோர்க்கு எளிதன்று.