பிரபஞ்சத்தின் எல்லை: ஒரு வினாவின் வரலாறு

தென் இத்தாலியிலே தாரெந்தம் என்றொரு கிரேக்க நகரம் இருந்தது. கி. மு. நான்காம் நூற்றாண்டில் அங்கு வாழ்ந்த ஆர்க்கிற்றாஸ் என்னும் அறிஞர், பிரபஞ்சத்துக்கு விளிம்பு உண்டு என்போரை நோக்கி ஒரு வினாவை எழுப்பினார். அவ்விளிம்பிலே நான் நின்று கையிலுள்ள கோலை வெளியே நீட்டினால் என்ன நிகழும்? நீட்ட முடியாது என்பது பொருந்தாப் பேச்சு. முடியுமாயின் அங்கும் இடம் உண்டு. அவ்விடம் போய் மீண்டும் நீட்டலாம். இன்றைக்கும் பத்து வயதுச் சிறுவன் தகப்பனாரிடம் கேட்பது இதனையேயன்றி வேறன்று.

அரிஸ்ரோட்டில் இதற்கு இணங்கவில்லை. வான்கோளத்துக்கு வெளியே இடமும் இல்லை, வெற்றிடமும் இல்லை, காலமும் இல்லை என்று அவர் முடித்துவிட்டார். ஐரோப்பியக் கல்விமான்கள் நெடுங்காலம் அவர் சொல்லையே பெரும்பாலும் பற்றி நின்றனர். பின்னர் வந்த நியூற்றனோ எல்லையற்ற வெளியைக் கொண்டார்.

இவ்விருவர் வழக்கையும் 1917 இல் ஐன்ஸ்ரைன் புதுவிதமாகத் தீர்க்க முயன்றார். பூமியின் மேற்பரப்புக்கு அளவு உண்டு, ஆனால் விளிம்பு இல்லை. கிழக்கு நோக்கியே ஓயாது செல்பவன் எங்கும் விழுந்துவிடாமற் புறப்பட்ட இடத்தையே அடைவான். வெளியும் அவ்வாறு வளைந்து தன்னுள் மூடியதாயிருக்கலாம் என்றார் அவர். அப்படியாயின் கோலை எங்கும் நீட்டலாம். பிரபஞ்சமோ அளவுடையதாகவே இருக்கும்!

ஆயினும் பிரபஞ்சம் அசைவற்றது என்ற பழைய நம்பிக்கையை ஐன்ஸ்ரைனாலும் விட முடியவில்லை. அதனை நிலைநிறுத்தத் தம் சமன்பாட்டில் ஒரு மாறிலியைச் சேர்த்தார். 1922 இல் பெத்ரோகிராட் நகரத்து அலெக்சாந்தர் பிரீட்மன், அச்சமன்பாடுகளின்படியே பிரபஞ்சம் விரியவும் சுருங்கவும் கூடும் என்று காட்டினார். இவர் வானிலை ஆராய்ச்சியாளர். முதலாம் உலக யுத்தத்தில் விமானப் படையிற் பணிபுரிந்தவர். முடிவு ஐயத்துக்குரியது என ஐன்ஸ்ரைன் அச்சிலேயே மறுத்தார். அடுத்த ஆண்டு, பிழை தம் கணக்கிலேதான் என்று அச்சிலேயே ஒப்புக்கொண்டார். அந்தப் பெருந்தன்மையைப் பாராட்டவே வேண்டும். ஆனால், கணக்கை ஏற்றவர் அதன் கருத்தை ஏற்கவில்லை. 1925 இல் பிரீட்மன் நெருப்புக் காய்ச்சலால் இறந்தார்; வயது 37. தாம் எழுதியது வானத்தில் மெய்யாவதை அவர் காணவில்லை.

1927 இல் அதே முடிவுக்குத் தாமாகவே வந்த பெல்ஜியப் பாதிரியார் லெமெய்த்தருக்கும், கணக்குச் சரி, பௌதிகம் சகிக்க முடியாதது என்ற பொருள்படவே ஐன்ஸ்ரைன் விடை கூறினார். ஈராண்டில், தூரம் மிகுந்தோறும் அண்டங்கள் விலகும் வேகமும் மிகுகிறது என்று ஹபிள் அறிவித்தார். (ஸ்லைபர் முன்னரே அளந்த வேகங்களும், லீவிற் அம்மையார் கண்ட தூர அளவுகோலும் இல்லையேல் ஹபிள் என்ன செய்திருப்பார்? புகழ் எல்லாரையும் சமமாகச் சேர்வதில்லை.) 1931 இல் ஐன்ஸ்ரைன் தம் மாறிலியைக் கைவிட்டார். 1998 இல் விரிவு விரைவுபடுகிறது என்று அறியப்பட்டபின் அம்மாறிலி மீண்டும் வந்து சேர்ந்தது வேறொரு கதை.

விரிகிறது என்றால் எதனுள் விரிகிறது? இங்கேதான் பலரும் இடறுகின்றனர். வெறுமையான ஓரிடத்தில் அண்டங்கள் சிதறி ஓடவில்லை. அவற்றின் இடையேயுள்ள வெளியே நீள்கிறது. அதற்கு நடுவும் வேண்டாம், வெளிப்புறமும் வேண்டாம்.

நாம் காண்பதற்கு மட்டும் ஓர் எல்லை உண்டு. விரிவு தொடங்கி ஏறத்தாழ 1380 கோடி ஆண்டுகளே ஆயின. அதற்குள் ஒளி வந்தடையக்கூடிய பகுதியே நமக்குப் புலனாகும். விரிவின் காரணமாக அப்பகுதியின் விளிம்பு இன்று சுமார் 4600 கோடி ஒளியாண்டு தூரத்தில் உள்ளது. கரையில் நிற்பவனுக்குக் கடல் வானத்தைத் தொடும் கோடு தெரிகிறது. அது கடலின் முடிவன்று. அக்கோட்டிலே தோணியில் இருப்பவனுக்கு நாம் நிற்கும் கரையே கோடு.

அக்கோட்டுக்கு அப்பாலும் இத்தகைய அண்டங்களே தொடரும் என்பது விஞ்ஞானிகளின் துணிபு. வெளி தன்னுள் வளைந்து மூடுகிறதா என்பதை 2009 முதல் 2013 வரை பிளாங்க் விண்கலம் திரட்டிய அளவீடுகளைக் கொண்டு ஆராய்ந்தனர். உறுதியான வளைவு எதுவும் புலப்படவில்லை. ஐன்ஸ்ரைன் எண்ணியவாறு அது மூடியதேயானாலும், நாம் காணும் பகுதியினும் மிகப் பெரியதாகவே இருத்தல் வேண்டும்.