கடாரத்து முத்திரையும் மின்னஞ்சலும்

சுங்கை லாலாங்கில் வாழும் நமக்குப் பூஜாங் பள்ளத்தாக்கு அயலிடம் அன்று. பழந்தமிழர் கடாரம் என்று போற்றிய நாட்டின் எச்சங்கள் அங்கே இன்றும் கிடக்கின்றன. அக்கடாரத்து அரசனுக்காகச் சோழன் எழுதித் தந்த ஆவணமொன்று, இன்றைய மின்னஞ்சலின் சிக்கலையும் விளக்கவல்லது என்பதை இங்கே காண்போம்.

கடாரத்தரையன் சூளாமணிவர்மன் பெயரால் நாகப்பட்டினத்தில் எழுந்த பௌத்தப் பள்ளிக்கு, முதலாம் இராசராசன் தன் 21ஆம் ஆட்சியாண்டில், ஏறத்தாழ 1006இல், ஆனைமங்கலம் என்னும் ஊரை வழங்கினான். மன்னன் வாய்மொழிந்ததை ஓலை எழுதுவோர் எழுதினர்; ஓலைநாயகர் ஒப்பமிட்டனர்; வரிக்கணக்கில் பதிந்தனர்; பிடியானையை நடத்தி எல்லை வகுத்தனர். இராசேந்திரன் அதனை 21 செப்பேடுகளில் பொறிப்பித்தான். ஏடுகளை வளையத்தில் கோத்து, இறுதியாகவே சோழ முத்திரையைப் பதித்தனர். வளையத்தை அறுக்காமல் ஓர் ஏட்டைக் கூட்டவோ குறைக்கவோ இயலாது. பிற்காலத்தில் நெதர்லாந்தை அடைந்தமையால் அவை லெய்டன் செப்பேடுகள் எனப் பெயர் பெற்றன.

1025இல் இராசேந்திரனின் கடற்படை இதே கடாரத்தைத் தாக்கியது. நட்பு முறிந்தது, ஆயினும் ஆவணம் முறியவில்லை. 1090ஆம் ஆண்டளவில் கடாரத்துத் தூதர் வேண்ட, முதலாம் குலோத்துங்கன் அப்பள்ளிக்குரிய உரிமைகளை மீண்டும் செப்பேட்டில் எழுதித் தந்தான்.

மின்னஞ்சலோ முத்திரையின்றிப் பிறந்த குழந்தை. 1982இல் ஜான் போஸ்டல் வகுத்த விதிகளில், அனுப்புநர் இன்னார்தாம் என்று மெய்ப்பிக்கும் வழி இல்லை. யாரும் யார் பெயராலும் மடல் விடுக்கலாம். இக்குறையை நீக்க மூன்று காவல்கள் பின்னர் எழுந்தன. எந்தக் கணினி நம் பெயரால் மடல் கொண்டுசெல்லலாம் என்று அறிவிப்பது எஸ்.பி.எஃப். 2007இல் வரையறுக்கப்பட்ட டிகிம் என்பது முத்திரை: மறைதிறவுகோலால் அனுப்புநரின் கணினி ஒப்பமிடும், இணையப் பெயர்ப் பதிவேட்டில் வைத்த பொதுத்திறவுகோலால் பெறுநரின் கணினி அதைச் சரிபார்க்கும். இரண்டும் பொய்த்தால் மடலை என்செய்வது என்று உரைப்பது டிமார்க். கூகுளும் யாஹூவும் 2024 பிப்ரவரி முதல், பெருந்தொகையாக மடல் அனுப்புவோர்க்கு இம்மூன்றையும் கட்டாயமாக்கின.

எங்கள் ஊர் மன்றமொன்று தனக்கென அஞ்சற்கணினி வைத்திருந்தது. மாணவர் உதவிநிதி பற்றிய அதன் அறிவிப்புகள் குப்பை மடற்பெட்டியில் விழுந்தன. விண்ணப்பிக்கும் நாள் கடந்தபின்னரே பெற்றோர் சிலர் அவற்றைக் கண்டனர். பெறப்பட்ட மடலொன்றின் தலைப்பகுதியைப் பிரித்துப் பார்த்தோம். 'திறவுகோல் இல்லை' என்றிருந்தால் பதிவேட்டில் பிழை என்று கொண்டிருப்போம். அங்கே இருந்ததோ 'உடற்பகுதி பொருந்தவில்லை' என்னும் தீர்ப்பு. முத்திரை இட்ட பின்னர், மற்றொரு நிரல் மடலின் அடியில் மன்ற முகவரியை ஒட்டிக்கொண்டிருந்தது! எஸ்.பி.எஃப். காவலும் உதவவில்லை, பெற்றோரிற் பலர்க்கு மடல் வேறொரு முகவரி வழியாகத் திருப்பப்பட்டுச் சென்றமையால், கொண்டுசென்ற கணினி மாறியிருந்தது. தூதுவர் மாறினும் மாறாதிருக்க வேண்டிய முத்திரையை நாங்களே உடைத்திருந்தோம். முகவரியை முன்னரே சேர்த்து, ஒப்பத்தை இறுதியில் வைத்தோம். அடுத்த மடல் தடையின்றிச் சென்றது.

அயலான் செய்யும் பொய்யை அஞ்சிக் காவல் வைக்கிறோம். நம் கையே நம் மெய்யைப் பொய்யாக்கிவிடுவதை மறக்கிறோம். சோழ நாட்டுக் கன்னான் முத்திரையை இறுதியில் வைத்தான். அவ்வொழுங்கை ஆயிரம் ஆண்டு கடந்து, கடாரத்து மண்ணிலேயே நாம் மீண்டும் கற்க நேர்ந்தது.