தொலைபேசிக்கு மின்சாரம் தந்தது யார்?

பிரிட்டனில் இன்று புதிய பிராட்பேண்ட் இணைப்பு எடுக்கும் வீட்டுக்கு ஒரு பெட்டி வருகிறது. அதிலிருக்கும் ஹப் என்ற இணையக் கருவியை மின்சார பிளக்கில் செருகி, சுவரில் இருந்த தொலைபேசி வயரைக் கழற்றி ஹப்பின் பின்புறம் மாட்டினால் பழைய எண்ணிலேயே பேசலாம். வேலை சில நிமிடங்களில் முடிந்துவிடும். ஆனால் அந்தச் சில நிமிடங்களில், நூறாண்டுக்கும் மேலாகத் தொலைபேசி நிலையம் சுமந்துவந்த பொறுப்பொன்று வீட்டுக்காரரிடம் கைமாறிவிடுகிறது. பேசுவதற்கான மின்சாரத்தை இனி அவரேதான் தர வேண்டும்.

தொடக்கத்திலும் அப்படித்தான் இருந்தது. 1879இல் லண்டனில் முதல் தொலைபேசி நிலையம் திறந்த காலத்தில், சந்தாதாரர் வீட்டிலேயே மின்கலம் வைத்தாக வேண்டும். லெக்லாஞ்சே மின்கலம் என்றால் கண்ணாடிச் சாடி நிறைய நவச்சாரக் கரைசல், அதில் ஒரு துத்தநாகக் கோல். கரைசல் வற்றும், கோல் கரையும். வீடு வீடாக ஆள் அனுப்பிப் பராமரிக்க வேண்டும். இணைப்புகள் பெருகியபோது அது கட்டுப்படியாகவில்லை. எனவே 1900ஐ ஒட்டி, எல்லா வீடுகளுக்கும் பொதுவான பெரிய பேட்டரிகளை நிலையத்திலேயே வைக்கத் தொடங்கினார்கள். குரல் போகும் அதே இரண்டு செம்புக் கம்பிகளில் சுமார் 50 வோல்ட் மின்சாரமும் போயிற்று. நிறுவனம் தன் செலவைக் குறைக்கச் செய்த ஏற்பாடுதான் இது. ஆனாலும் தெருவே இருண்டு கிடக்கையில் ரிசீவரை எடுத்தால் டயல் டோன் கேட்டது. லண்டன் விம்போல் தெருவில் 1935இல் ஐந்து பெண்கள் தீயில் இறந்ததைத் தொடர்ந்து, 1937இல் 999 அவசர எண் வந்தது. கழுத்தில் தொங்கும் பொத்தானை முதியவர் அழுத்தினால் உதவி வரும் ஏற்பாடு பின்னர் வந்தது. இரண்டுமே அந்தக் கம்பியை நம்பித்தான் இருந்தன. சிக்கனத்துக்காகச் செய்தது மக்களுக்கு உயிர்க்காப்பாகிவிட்டது.

இப்போது செம்புக் கம்பியைக் கைவிட்டுக் கண்ணாடி இழைக்கு மாறும் நிறுவனங்கள், செம்புக் கம்பி வலையமைப்பு பழையதாகிவிட்டது, உதிரிபாகம் கிடைப்பதில்லை, அதை அறிந்த பொறியாளர்கள் ஓய்வுபெறுகிறார்கள் என்கின்றன. உண்மைதான். கண்ணாடி இழை ஒளியைக் கடத்தும், மின்சாரத்தைக் கடத்தாது. இது யாருடைய குற்றமும் அல்ல. கார்ட்லெஸ் தொலைபேசி எப்படியும் மின்தடையில் செத்துப்போகும் என்ற வாதமும் சரியே. ஆனால் அதைப் பயன்படுத்திய வீட்டார் வயர் வைத்த பழைய தொலைபேசி ஒன்றை அலமாரியில் வைத்திருந்தால் அது பேசியது. ஹப்பில் மின்சாரம் இல்லையென்றால் இப்போது அதுவும் பேசாது.

கைபேசி இருக்கிறதே என்பதுதான் வலுவான மறுப்பு. அதற்கு 2021 நவம்பரில் வீசிய ஆர்வென் புயல் பதில் சொல்கிறது. ஸ்காட்லாந்திலும் வட இங்கிலாந்திலும் ஏராளமான வீடுகள் மின்சாரம் இழந்தன. பல ஊர்களில் அது திரும்ப நாள்கணக்கில் ஆயிற்று. கைபேசிக் கோபுரங்களும் அதே மின்சாரத்தில்தான் ஓடுகின்றன. அதன் பின், 2022 மார்ச்சில் தொலைபேசி நிறுவனமான பி.டி., ஹப் வழித் தொலைபேசிக்கு மாற்றும் வேலையைச் சிறிது காலம் நிறுத்திவைத்தது. பழைய இணைப்புகளை முற்றிலும் நிறுத்த 2025 இறுதி என்றிருந்த கெடு 2027 ஜனவரிக்குத் தள்ளிப்போனது. அவசர அழைப்புக்கு வேறு வழியில்லாதவர்களுக்கு, மின்தடையில் குறைந்தது ஒரு மணி நேரமாவது 999ஐ அழைக்க வழிசெய்ய வேண்டும் என்கிறது ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காம். நாள்கணக்கில் இருளில் கிடந்த ஊர்களுக்கு ஒரு மணி நேரம் எந்த மூலைக்கு?

நான் செம்புக் கம்பிக்காக வாதாடவில்லை. மின்கலத்தை வீட்டுக்குத் திருப்பி அனுப்புகிறவர்கள், அதைப் பராமரிக்கும் கடமையையும் தாங்களே ஏற்க வேண்டும் என்கிறேன். 19ஆம் நூற்றாண்டு நிறுவனங்கள்கூட அதைச் செய்தன. தனியாக வாழும் முதியவர் வீட்டுக்குப் போகும் ஹப் பெட்டியில், அவர் கேட்காமலேயே, பல மணி நேரம் தாங்கும் பேட்டரி ஒன்றும் இருக்க வேண்டும்.