ஊர் கேட்க எழுதிய கடிதங்கள்: பிரான்சுப் போர்முனையில் இந்தியச் சிப்பாய்களும் மனைவியரும், 1914–1918

முதல் உலகப் போருக்காக 1914 செப்டம்பர் இறுதியில் பிரான்சின் மார்செய் துறைமுகத்தில் இறங்கிய இந்தியச் சிப்பாய்களில் பெரும்பாலோர் பஞ்சாப், கட்வால், வடமேற்கு எல்லைப்புற மாகாணம், நேபாளம் ஆகிய பகுதிகளின் உழவர் குடியினர். காலாட்படை 1915 இறுதியில் மெசபடோமியாவுக்கு அனுப்பப்பட்டது. குதிரைப்படை 1918 தொடக்கம் வரை பிரான்சில் இருந்தது. இவர்களுடைய கடிதங்களின் பகுதிகள், இராணுவத் தணிக்கை அலுவலகம் தயாரித்த ஆங்கில அறிக்கைகளில் எஞ்சி, இன்று லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளன. டேவிட் ஒமிஸி 1999இல் அவற்றிலிருந்து ஒரு தேர்ந்த தொகுப்பை வெளியிட்டார். படிப்பவர் கண்ணில் முதலில் படுவது, மனைவியிடம் கனிந்து பேசும் வரிகள் அரிதாக இருப்பதே. தணிக்கை வாயைக் கட்டிவிட்டது என்று இதற்கு எளிதாகக் காரணம் சொல்லிவிடலாம். அது போதாது என்பதே என் வாதம். கணவனும் மனைவியும் மட்டும் அறியும் மடல் என்பதே இவர்களில் பெரும்பாலோருக்கு வாய்க்கவில்லை. பலர் காதில் விழும் என்று தெரிந்தே பேசினார்கள். சொல்ல விரும்பிய நெருக்கத்தை வீட்டுக் காரியங்களுக்குள் வைத்துப் பேசினார்கள்.

கடிதம் போன வழியைப் பார்த்தால் இது விளங்கும். எழுதத் தெரியாத சிப்பாய், படைப்பிரிவில் எழுத்தறிந்த ஒருவரிடமோ, காயம்பட்டு இங்கிலாந்தின் பிரைட்டன் மருத்துவமனையில் கிடந்தால் அங்குள்ள எழுத்தரிடமோ, வாய்மொழியாகச் சொல்வான். படைப்பிரிவு அதிகாரிகள் பார்த்தபின், ஈவ்லின் ஹவெல் பொறுப்பிலிருந்த தணிக்கை அலுவலகம் கடிதங்களில் ஒரு பகுதியைப் பிரித்துப் படிக்கும். கிராமத்தில் அதை வாசித்துக் காட்ட இன்னொருவர் வேண்டும். தந்தை, அண்ணன், அண்டை வீட்டார் எல்லாரும் கூடிக் கேட்பார்கள். மனைவியின் பெயரைப் பிறர்முன் சொல்லக் கூசும் வழக்கமும் உண்டு (அக்காலத் தமிழ்க் குடும்பங்களுக்கும் இது புதிதல்ல). ஆகவே வணக்கங்களும் நலவிசாரிப்பும் பெரியவர்களுக்குப் போகும். நிலம், எருமை, கடன், வீட்டுக்கு அனுப்பிய பணம் கைக்கு வந்ததா என்ற கேள்வி ஆகியவை பின்தொடரும். மாதம் 11 ரூபாய் அடிப்படைச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து அனுப்பியவன், அந்தப் பணம் யார் கையில் சேர்ந்தது என்று துருவிக் கேட்பதைக் கஞ்சத்தனம் என்று ஒதுக்க முடியாது. கூட்டுக்குடும்பத்தில் மருமகளின் நிலையைக் காக்கக் கடல் கடந்து நின்றவனிடம் இருந்த கருவி அதுதான்.

தணிக்கைக்கு இவர்கள் வாயடைத்துப் போகவுமில்லை. நியூவ் ஷப்பேல் போர் நடந்த 1915இல், இந்தியரைக் கருமிளகென்றும் வெள்ளையரைச் சிவப்பு மிளகாயென்றும் குறித்து, கருமிளகு தீர்ந்துவருகிறது, சிவப்பு மிளகாய் சிக்கனமாகச் செலவாகிறது என்ற பாணியில் எழுதி, இந்தியரை முன்னே தள்ளி வெள்ளையரைப் பின்னே வைத்திருக்கிறார்கள் என்பதை ஊருக்கு உணர்த்தினார்கள். அரசையே ஏய்க்கும் நாவுக்கு மனைவியிடம் ஒரு சொல் சொல்ல வழி தெரியாமல் போயிருக்காது. அவர்கள் அஞ்சியது ஹவெலுக்கு என்பதைவிட ஊர்த் திண்ணைக்கு என்பதே பொருந்தும்.

இரண்டு மறுப்புகள் எழும். முதலாவது, நம்மிடம் இருப்பது தணிக்கையாளர் பொறுக்கியெடுத்த துண்டுகள். அவற்றில் இல்லாதது எழுதப்படவே இல்லை என்று எப்படிச் சொல்வது? நியாயமான கேள்விதான், அரிது என்பதை எண்ணிக்கையாகக் கொள்ளக்கூடாது என்ற அளவுக்கு இதை ஏற்கிறேன். ஆனால் அந்த அலுவலகம் தேடியது படையின் மனநிலையையும் அரசெதிர்ப்பையும். வீட்டு ஏக்கம் மனநிலையின் அடையாளம் என்பதால் அதை விட்டுவிட அதற்குக் காரணமில்லை. மனைவியர் பிரிவைச் சொல்லிப் புலம்பும், கணவனைக் கடிந்துகொள்ளும் கடிதங்களும் அறிக்கைகளில் இடம்பெற்றிருப்பது இதையே காட்டுகிறது. அவையும் இன்னொருவர் கையால் எழுதப்பட்டவையாகவே இருந்திருக்க வேண்டும். ஆயினும் கணவனைவிட மனைவி துணிந்து பேசுகிறாள். வீட்டுக்குள் குரல் தாழ்த்த வேண்டியவளுக்கு, தொலைவு கொஞ்சம் இடம் கொடுத்தது போலும்.

இரண்டாவது மறுப்பு வலுவானது: வீட்டுக் கட்டளைகளை அன்பென்று வாசிப்பது ஆண் அதிகாரத்துக்குப் பூச்சூட்டுவதாகாதா? சில கடிதங்களுக்கு ஆகும். கற்பைச் சந்தேகித்து மிரட்டுபவனுக்காக நான் வாதாடவில்லை. ஆனால் பிரெஞ்சுக் கிராமங்களில் பெண்கள் தனியே பண்ணை நடத்துவதையும், சிறுமியர் பள்ளி செல்வதையும் கண்டவர்கள், நம் பெண்களையும் படிக்க வையுங்கள் என்று வீட்டுக்கு எழுதினார்கள். அதை வெறும் அதிகாரக் குரல் என்று தள்ள முடியாது. மனைவிக்கு எழுத்துத் தெரிந்தால் வாசிக்க இன்னொருவரை நாட வேண்டியதில்லை. அந்த அறிவுரைக்குள் இந்த நினைப்பும் இருந்திருக்கலாம் என்பது என் ஊகம். கடிதங்கள் அதை நேராகச் சொல்வதில்லை.