கிணற்றடியில் கிடந்த வள்ளப் பலகை

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள்.

போன மாதம் எங்கள் எட்டாம் தரப் பிள்ளைகளோடு ஊர் வரலாறு தேடிப் போனோம். ஒரு பழைய வீட்டுக் கிணற்றடியில், உடுப்புத் துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில், தடித்த பலகையொன்று கிடந்தது. அதன் ஓரம் முழுக்க ஒரே அளவு இடைவெளியில் சிறு சிறு துவாரங்கள். “சேர், இது என்ன, கறையான் அரித்ததா?” என்று ஒரு பிள்ளை கேட்டது. கறையான் இப்படி அளந்து அரிக்காது என்று சொல்லிச் சிரித்தோம். ஆனால் அது என்னவென்று எங்களுக்கும் தெரியவில்லை.

அந்த வீட்டுப் பெரியவர்தான் சொன்னார். அது அவருடைய வாப்பாவின் வள்ளப் பலகை. அந்தத் துவாரங்கள் கயிறு போட்டுத் தைத்த தையல். கடல் வள்ளம் அல்ல, கால்வாய் வள்ளம்.

நம் வீடுகளுக்குப் பின்னால் ஓடுகிற, இப்போது நாம் மூக்கைப் பொத்திக்கொண்டு கடக்கிற அந்த ஒல்லாந்தர் கால்வாயில் ஓடிய வள்ளம். அன்றிலிருந்து தேடியதையும் கேட்டதையும் இங்கே எழுதுகிறோம்.

புத்தளம் கால்வாயால் பிறந்த ஊர் அல்ல. 1344இல் இப்னு பதூதா வந்திறங்கியது இந்தக் கரையில்தான். கறுவா மரங்கள் கரையில் குவிந்து கிடந்ததை அவர் எழுதி வைத்திருக்கிறார். அதற்குப் பின்னரும் நூற்றாண்டுக் கணக்கில் நம் மக்கள் தவள மாடுகளில் உப்பையும் கருவாட்டையும் ஏற்றிக் கண்டி இராச்சியத்துக்குள் போய், திரும்பும்போது கொட்டைப்பாக்கு கொண்டு வந்தார்கள். உப்பில்லாமல் மலைநாட்டில் அடுப்பெரியாது. அந்த உப்பில் பெரும் பங்கு நம் களப்பின் உப்பு.

இந்த உப்பின் மீது ஒல்லாந்தருக்கு எப்போதும் கண். 1656இல் கொழும்பைப் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்தவர்கள், கற்பிட்டியில் கோட்டையும் கட்டினார்கள். 1766 உடன்படிக்கையில் கண்டி மன்னர் கரையோரம் முழுவதையும் விட்டுக்கொடுக்க வேண்டி வந்தபோது புத்தளமும் சிலாபமும் அவர்கள் கைக்குப் போயின. உப்பு, கறுவா, பாக்கு எல்லாம் கொழும்புக்குப் போக வேண்டும். எப்படிப் போவது? வைகாசி பிறந்தால் தென்மேற்குக் காற்று. மேற்குக் கடல் மாதக்கணக்கில் கொந்தளிக்கும். தரையில் போனால் கொழும்புக்கு ஏறத்தாழ 130 கிலோமீற்றர், இடையில் தெதுறு ஓயா, மகா ஓயா, களனி கங்கை. வண்டிக்கு ஒழுங்கான பாதையும் இல்லை.

ஒல்லாந்தருக்கு இதற்கு விடை தங்கள் நாட்டிலேயே இருந்தது. 1632இலேயே ஆம்ஸ்டர்டாமுக்கும் ஹார்லெமுக்கும் இடையில் குதிரை இழுக்கும் கால்வாய்ப் படகைச் சேவையாக ஓட்டியவர்கள் அவர்கள். ஆனால் ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். இந்த யோசனை அவர்களோடு மட்டும் வரவில்லை. கோட்டை இராச்சிய காலத்திலேயே நீர்கொழும்புப் பக்கத்துச் சரக்குகளைக் கொண்டுவரக் கால்வாய்கள் வெட்டப்பட்டிருந்தன. ஒல்லாந்தர் செய்தது, களப்புகளையும் ஆறுகளையும் வெட்டுவாய்க்கால்களையும் கோத்து, கொழும்பிலிருந்து நீர்கொழும்பு, சிலாபம், முந்தல் வழியாகப் புத்தளம் களப்பு வரை ஒரே நீர்ப்பாதையாக ஆக்கியது. மண்வெட்டி பிடித்தவர்கள் நம் நாட்டுக் கூலிகள். அவர்களின் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை.

கால்வாய் வெட்டினால் நன்மை மட்டும் வராது. முத்துராஜவெலவில் கால்வாய் வழியாக உப்புத் தண்ணீர் ஏறி நெல்வயல்கள் கெட்டன. அந்த உப்பை வடிக்கத்தான் ஆங்கிலேயர் 1802இல் தொடங்கி 1804இல் ஹமில்டன் கால்வாயை வெட்டி முடித்தார்கள். அதன் நீளம் 14.5 கிலோமீற்றர். தண்ணீருக்கு வழி திறப்பவன் அது எங்கே போய் நிற்கும் என்றும் பார்க்க வேண்டும். இந்தப் பாடத்தை நாம் பிறகு மறந்துவிட்டோம்.

இனி வள்ளத்துக்கு வருவோம். ஆங்கிலேயர் இதைப் ‘பாடா போட்’ என்று எழுதி வைத்தார்கள். நம் பெரியவர்களின் வாயில் அது வெறும் வள்ளம்தான். அடி தட்டையாக இருக்கும், ஆழம் குறைந்த நீரிலும் மிதக்கும். மேலே கிடுகுக் கூரை. பாய் விரித்து ஓடுவதைவிட, நீண்ட கம்பை ஊன்றித் தள்ளுவதும், கரையிலிருந்து கயிறு கட்டி இழுப்பதும்தான் வழக்கம். கொப்பரா, தேங்காய், உப்பு, கருவாடு, ஓடு, விறகு எல்லாம் அதில் போகும். வள்ளத்திலேயே சமைத்து, வள்ளத்திலேயே தூங்கி, பிள்ளை வளர்த்த குடும்பங்களும் இருந்தன. முஸ்லிம்களுக்கு மட்டும் உரிய தொழில் அல்ல இது. சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் எல்லோரும் அந்தத் தண்ணீரில் கம்பு ஊன்றியவர்கள்தான்.

“வள்ளம் வாங்குறது ஒரு நாள் செலவு, வச்சிருக்கிறது ஆயுள் செலவு” என்று தன் வாப்பா சொல்வாராம் என்றார் அந்தப் பெரியவர். ஏன் என்று கேட்டோம். அவர் விரல் மடக்கி எண்ணிச் சொன்னார்.

முதலாவது எதிரி உப்புத் தண்ணீர்ப் புழு. களப்பில் நெடுநாள் கிடந்த வள்ளத்தை வெளியே பார்த்தால் பலகை நன்றாகத்தான் தெரியும். உள்ளே துளைத்துத் துளைத்துக் கோதாக்கியிருக்கும். நன்னீர் பட்டால் அந்தப் புழு சாகும். அதனால் ஆற்றுப்பக்கம் சரக்கு இறக்கப் போன வள்ளத்தை அங்கேயே சில நாள் கட்டி வைப்பது ஒரு வைத்தியம்.

இரண்டாவது எதிரி மழைத் தண்ணீர். உப்பு மரத்தைக் காக்கும், மழைநீர் உள்ளே தேங்கினால் உக்க வைக்கும். அதனால் கூரைக் கிடுகை நேரத்துக்கு மாற்ற வேண்டும், தேங்கிய தண்ணீரை இறைத்துக் கொட்ட வேண்டும். மூன்றாவது எதிரி வெயில். கரையில் ஏற்றிக் காயவிட்டால் பலகை சுருங்கிப் பொருத்து வாய் பிளக்கும். அப்படிப் பிளந்த வள்ளத்தைத் தண்ணீரில் அமிழ்த்தி வைத்து மரம் ஊறிப் பருத்த பிறகுதான் எடுப்பார்களாம். புழுவுக்கு நன்னீர் வேண்டும், மரத்துக்கு மழைநீர் ஆகாது, காயவும் விடக்கூடாது. இந்த மூன்றுக்கும் நடுவில்தான் ஒரு வள்ளக்காரரின் வருடம் ஓடியது.

அந்தத் துவாரங்கள்? பலகைகளைத் தென்னந்தும்புக் கயிற்றால் தைத்தது. தும்புக் கயிறு உப்புநீரைத் தாங்கும், ஆணி போலத் துருப்பிடிக்காது. தரை தட்டினாலும் தையல் கொஞ்சம் இளகிக் கொடுக்கும். ஆனால் கயிறு தேயும். காலம் பார்த்துப் பிரித்து மறுபடி தைக்க வேண்டும். பொருத்துக்குள் தும்பை அடைத்து, மேலே குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சிப் பூச வேண்டும். சுறா எண்ணெய் பூசிய நாளில் அந்தத் தெருவுக்கே வாசம் வீசுமாம். அந்த வேலையை ஒரு வருடம் தள்ளிப் போட்டவர் அடுத்த வருடம் வள்ளத்தையே இழந்தார்.

பிறகு என்ன நடந்தது? 1926இல் ரயில் புத்தளம் வரை வந்தது. லொறி வந்தது. நாட்கணக்கில் போன சரக்கு ஒரே நாளில் போகத் தொடங்கியது. யாரும் யாரையும் குறை சொல்ல முடியாது, தொழில் மாறுவது உலக வழக்கம். வள்ளங்கள் கரையேறின. சிலது விறகானது. ஒரு பலகை கிணற்றடிக்குப் போனது.

நாங்கள் சொல்ல வந்த விஷயம் இங்கேதான் இருக்கிறது. வள்ளம் தனியாள் சொத்து, கால்வாய் எல்லோருக்கும் பொது. ஆனால் வள்ளம் ஓடிய காலத்தில் கால்வாயைப் பார்க்க ஆள் இருந்தது. எங்கே மண் சேர்ந்திருக்கிறது, எங்கே மரம் விழுந்திருக்கிறது, எங்கே கரை இடிந்திருக்கிறது என்று முதலில் தெரிவது கம்பு ஊன்றுகிறவருக்குத்தான். வழி அடைபட்டால் அவர் வீட்டில் அன்று அடுப்பு எரியாது. வள்ளம் போனதும் அந்தக் கண்கள் போய்விட்டன. பொதுச் சொத்து யாருக்கும் சொந்தமில்லாத சொத்தாகிவிட்டது.

அதன் பலனை நாம் ஒருமுறை பார்த்துவிட்டோம். 1980களிலிருந்து சிலாபம் முதல் புத்தளம் வரை இந்தக் கால்வாயை ஒட்டி இறால் பண்ணைகள் வந்தன. எல்லோரும் கால்வாயிலிருந்தே தண்ணீர் எடுத்தார்கள், கழிவு நீரையும் கால்வாய்க்கே விட்டார்கள். ஒரு பண்ணையின் கழிவு அடுத்த பண்ணையின் குடிநீரானது. 1996இல் வெண்புள்ளி நோய் வந்தபோது ஒருவர் தொட்டியிலிருந்து மற்றவர் தொட்டிக்கு அது போவதற்கு வழி தேட வேண்டியிருக்கவில்லை. வழி ஏற்கெனவே இருந்தது. எத்தனை குடும்பங்கள் கடனாளியாகின என்பது இதை வாசிக்கிற பலருக்கு வீட்டுக் கதை.

பிள்ளைகள் அன்று திரும்பும் வழியில் நீண்ட கம்பு ஒன்றைக் கால்வாயில் ஊன்றிப் பார்த்தார்கள். முழங்காலளவு தண்ணீர், அதற்குக் கீழே சேறு, பொலித்தீன், பம்பர்ஸ். ஒரு காலத்தில் சரக்கேற்றிய வள்ளம் போன இடம். அந்தக் கேள்வி கேட்ட பிள்ளையே சொன்னது: “சேர், மழைக்கு எங்கட வீட்டுக்குத் தண்ணி வாறது இதாலதானே?” நாங்கள் பதில் சொல்லவில்லை. அந்தப் பிள்ளைக்கு விடை தெரிந்துவிட்டது.

பாதையில் கிடக்கும் தொல்லையை அகற்றுவது ஸதகா என்று மத்ரஸாவில் படித்தவர்கள் நாம். நீர்ப்பாதையும் பாதைதான்.

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. வீட்டில் பழைய வள்ளப் பலகை, கம்பு, படம் ஏதும் இருந்தால் எறிந்துவிடாமல் எங்களுக்குச் சொல்லுங்கள். வள்ளம் பார்த்த பெரியவர்கள் இருந்தால் அவர்கள் இருக்கும்போதே பேசவிட்டுப் பதிவு செய்யுங்கள். மாரி மழைக்கு முன், நம் வளவுக்கு நேரே உள்ள துண்டையாவது நாமே பார்த்துக்கொள்வோம். பக்கத்து வளவு சிங்களக் குடும்பமானாலும் தமிழ்க் குடும்பமானாலும் போய்ச் சொல்லுங்கள். தண்ணீர் ஆள் பார்த்து வீட்டுக்குள் வருவதில்லை.

அந்தப் பலகையைப் பெரியவர் எங்கள் பாடசாலைக்குத் தந்துவிட்டார். வகுப்பறைச் சுவரில் சாத்தி வைத்திருக்கிறோம். வந்து பாருங்கள். ஒவ்வொரு துவாரத்திலும் யாரோ ஒருவர் வருடா வருடம் கயிறு மாற்றியிருக்கிறார்.