சரவணையிலிருந்து பிரைட்டன் வரை: எமது பெண்களும் சைக்கிளும்

ஒவ்வோர் ஆண்டும் யூன் மாதத்தில் தென் இலண்டனில் உள்ள கிளப்பம் பொதுவெளியிலிருந்து பிரைட்டன் கடற்கரை வரை ஆயிரக்கணக்கானோர் கூட்டமாகச் சைக்கிள் ஓடுகிறார்கள். தூரம் 54 மைல். 1970களில் சிறு கூட்டத்தோடு தொடங்கிய இந்த ஓட்டம், 1980 முதல் பிரித்தானிய இருதய நிதியத்துக்குப் பணம் சேர்க்கும் பெரு நிகழ்வாக வளர்ந்தது. ஓடுபவர்களில் அனேகர் பந்தய வீரர்கள் அல்லர். அலுவலகத்தில் வேலை செய்பவர்கள், பேரப்பிள்ளை கண்டவர்கள், மூன்று மாதம் பயிற்சி எடுத்துவிட்டு வருபவர்கள். எமது பழைய மாணவிகள் சிலரும் ஓடி முடித்துக் கழுத்தில் பதக்கத்தோடு படம் அனுப்பியிருக்கிறார்கள். இந்த வயதில் இதென்ன புதுப் பழக்கம் என்று கேட்டவர்களும் உண்டு. புதுப் பழக்கமா என்பதைச் சற்றுப் பார்ப்போம்.

பிரைட்டன் வீதிக்கே ஒரு பழைய கதை இருக்கிறது. இரண்டு சில்லும் ஒரே அளவில், சங்கிலியால் ஓடும் சைக்கிள் இங்கிலாந்தில் 1885 இல் வெற்றிகரமாக விற்பனைக்கு வந்தது. காற்றடித்த ரயரை 1888 இல் டன்லொப் கொண்டுவந்தார். அதற்குச் சில ஆண்டுகளின் பின், 1893 செப்ரெம்பரில், ரெசி ரெய்னோல்ட்ஸ் என்ற 16 வயதுப் பெண் பிரைட்டனிலிருந்து இலண்டனுக்குப் போய்த் திரும்பி வந்தாள். ஏறக்குறைய 120 மைல், எட்டரை மணித்தியாலம். எங்கள் கணக்கில் சாதாரண தரப் பரீட்சை எடுக்கும் வயது. அவள் ஓடியது ஆண்களின் சைக்கிள். உடுத்திருந்தது முழங்காலோடு நிற்கும் காற்சட்டை. பத்திரிகைகளில் பெரிய வாதம் நடந்தது, அவளுடைய வேகத்தைப் பற்றியல்ல, அந்தக் காற்சட்டையைப் பற்றி. எங்கள் ஊர்ப் பெரியவர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை.

இனிச் சரவணைக்கு வருவோம். ஒல்லாந்தர் லைடன் என்று பெயரிட்ட வேலணைத் தீவில், வேலணைக்கும் நாரந்தனைக்கும் இடையில் கிடக்கும் ஊர் இது. பனையும் வயலும் மணல் ஒழுங்கையும் உப்புக்காற்றும். யாழ்ப்பாணப் பட்டினம் போவதென்றால் வேலணை, மண்கும்பான், அல்லைப்பிட்டி, மண்டைதீவுச் சந்தி என்று கடந்து பண்ணைத் தாம்போதியில் ஏறவேண்டும். பத்து மைலுக்கு மேல். வழியில் மேடு என்று சொல்ல ஒன்றுமில்லை. காலைப் பிடித்து இழுப்பது காற்றுத்தான். சோளகம் வீசும் மாதங்களில் பட்டினத்துக்குப் போகும்போது முதுகில் தள்ளும், பின்னேரம் திரும்பும்போது முகத்தில் அடிக்கும். வாடைக்காற்றுக் காலத்தில் மறுதலை. தாம்போதியில் இருபுறமும் கடல், ஒதுங்க ஒரு மரமில்லை.

இலவசக் கல்வி 1945 இல் வந்தது. அப்போது அரசாங்க சபையின் சபாநாயகராக இருந்தவர் வேலணையைச் சேர்ந்த சேர் வைத்திலிங்கம் துரைசுவாமி என்பதைத் தீவகத்தார் இன்றும் பெருமையாகச் சொல்வர். ஆனால் கட்டணம் இல்லாமற் போனாலும் தூரம் இல்லாமற் போகவில்லை. பையன் என்றால் தகப்பனின் சைக்கிளில், பாருக்குக் கீழே காலை விட்டு மிதித்தென்றாலும் போய்விடுவான். பெண்பிள்ளைக்கு பஸ், அல்லது விடுதி, அல்லது அடுத்துள்ள பாடசாலையோடு சரி. பார் இல்லாத லேடீஸ் சைக்கிள் வீட்டுக்கு வந்தபிறகும் சங்கடம் தீரவில்லை. தாவணி சங்கிலியில் சிக்கும், பாவாடை பின்சில்லில் மாட்டும். அதற்காகச் சில்லுக்கு வலை பின்னினார்கள். கோயில் வீதியில் மாலைப்பொழுதில் பழகி, விழுந்து, முழங்காற் காயத்தை அம்மாவுக்கு மறைத்தவர்கள் இதை வாசிப்பவர்களில் பலர் இருப்பீர்கள்.

ஓடப் பழகியது ஒன்று, ஓட விட்டது இன்னொன்று. "தனியப் போகாதே" என்பதுதான் வீட்டுச் சட்டம். ஆகவே பிள்ளைகள் கூட்டமாகப் போனார்கள். ஒருத்தி படலையில் மணி அடிப்பாள், அடுத்தவள் சேர்வாள். சந்திக்கு வரும்போது ஆறேழு சைக்கிள். ஒருத்திக்குக் காற்றுப் போனால் எல்லோரும் இறங்கி நடப்பார்கள். நயினாதீவு அம்மன் திருவிழாவுக்குக் குறிகட்டுவான் துறை வரை போனதும் அப்படித்தான். இன்று ஐரோப்பாவில் இதற்குக் குழு ஓட்டம் என்று பெயர், முன்னால் ஓடுபவர் காற்றை மறைக்கப் பின்னால் ஓடுபவருக்குப் பாரம் குறையும் என்று பயிற்சியாளர்கள் விளக்குகிறார்கள். வாடைக்காற்றில் மூத்தவளின் பின்னால் ஒட்டிக்கொண்டு ஓடிய எமது பிள்ளைகளுக்கு அதை யாரும் படிப்பிக்கவில்லை.

1991 இல் தமிழ்நாட்டின் புதுக்கோட்டை மாவட்டத்தில், கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில், அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு சைக்கிளையும் சேர்த்துப் பெண்களுக்குக் கற்பித்தது. ஓர் இலட்சம் பெண்கள் வரை பழகினார்கள் என்று எழுதப்பட்டிருக்கிறது. அங்கே அது இயக்கம். அதே ஆண்டுகளில் எங்களுக்கு அது பிழைப்பு.

1990 ஒகஸ்டில் இராணுவம் தீவகத்துள் இறங்கியது. சரவணையும் சுற்றூர்களும் பெயர்ந்து, சனம் வலிகாமத்தில் உறவினர் வீடுகளிலும் பாடசாலைகளிலும் தங்கியது. பெற்றோலுக்குத் தடை, மின்சாரம் இல்லை. அந்த ஐந்து ஆண்டுகளும் யாழ்ப்பாணத்தை ஓட்டியது சைக்கிள். விறகு, அரிசி மூட்டை, நோயாளி, மணப்பெண் எல்லாம் அதில்தான். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவில் வானொலி பேசும். செய்தி முடியும் வரை கை ஓயக்கூடாது. முன்பு "பெண்பிள்ளைக்கு ஏன் சைக்கிள்" என்று கேட்ட வாய்கள் மூடிக்கொண்டன. இடம்பெயர்ந்த பிள்ளைகள் புதுப் பாடசாலைக்கும் ரியூட்டரிக்கும் கூட்டமாக ஓடினார்கள். உயர்தரம் எடுத்துப் பல்கலைக்கழகம் போனவர்களும் அவர்களில் உண்டு. பாடசாலைப் பதிவேட்டில் அவர்களின் புள்ளிகள் இருக்கின்றன. ஓடிய மைல்கள் இல்லை.

1995 ஒக்டோபர் 30 வந்தது. வலிகாமம் முழுவதும் ஒரே நேரத்தில் தென்மராட்சி நோக்கி எழுந்தது. செம்மணி வெளியும் நாவற்குழிப் பாலமும் இலட்சக்கணக்கான மக்களைத் தாங்கவேண்டியிருந்தது. மழை, இருட்டு. சாவகச்சேரிக்குப் பத்து மைல் அளவுதான். சாதாரண நாளில் ஒரு மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூட. அன்று இரவு முழுவதும் போயும் பலர் பாலத்தைத் தாண்டவில்லை. கரியரில் அம்மம்மா, ஹாண்டிலில் உடுப்புப் பை, நடுவில் குழந்தை. ஓட முடியாது, உருட்டத்தான் முடியும். முன்னால் போனவரின் சில்லைப் பார்த்துக்கொண்டே ஓர் அடி, பிறகு நிற்பு, பிறகு இன்னோர் அடி. தீவகத்துப் பெண்களுக்கு அது இரண்டாவது பெயர்வு. எமது சமூகம் சேர்ந்து போன மிகப்பெரிய சைக்கிள் பயணம் எதுவென்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். அதற்குத் தொடக்கக் கொடியும் இல்லை, முடிவுக்கோடும் இல்லை.

பிரைட்டனுக்குச் சில மைல் முன்னால் டிச்லிங் பீக்கன் என்ற ஏற்றம் வரும். ஏறக்குறைய ஒரு மைல், செங்குத்து. பாதியில் அனேகர் இறங்கி உருட்டுகிறார்கள், அதில் வெட்கம் எதுவுமில்லை. எமது பழைய மாணவி ஒருவர் அங்கே இறங்கியபோது பக்கத்தில் நடந்த வெள்ளைக்காரப் பெண்மணி ஆறுதல் சொன்னாராம். உருட்டுவது தனக்குப் புதிதல்ல என்று இவர் சிரித்தாராம். மேலே ஏறியதும் கடல் தெரிந்ததாம்.

நூற்றாண்டை ஒட்டிச் சங்கம் பழைய படங்களையும் பரிசுப் பட்டியல்களையும் சேர்க்கிறது. அவற்றோடு இதையும் சேர்க்கலாம் என்பது என் எண்ணம்: உங்கள் முதற் சைக்கிள் யாருடையது? எந்த வழியாகப் பாடசாலைக்கு வந்தீர்கள், யார் யார் கூட ஓடினார்கள்? 1995 இல் அதில் என்ன ஏற்றிக்கொண்டு போனீர்கள், கடைசியில் அதை எங்கே விட்டீர்கள்? ரொறன்ரோவிலோ சிட்னியிலோ கொழும்பிலோ சரவணையிலோ இருந்து ஒரு பக்கம் எழுதி அனுப்புங்கள். கையெழுத்தில் இருந்தாலும் பரவாயில்லை.